தேருக்கு முதல் நாள், உன் ஜீப்பின் பிரேக்

உன் ஜீப்பில் பிரேக் இல்லை. அது உனக்குத் தெரியும் மகனே. தெரிந்துகொண்டே நாளைக்கு இந்தத் தோட்டத்து டிவிஷன் ஆட்களை முழுக்க அதில் ஏற்றி மாத்தளை முத்துமாரியம்மன் தேருக்குக் கொண்டுபோகப் போகிறாய்.

இருக்கிறது என்பாய். மிதித்தால் நிற்கிறதே என்பாய். நம் லயத்து வீடுகளுக்கு முன்னால், சமதரையில், நீ மட்டும் உட்கார்ந்து ஓட்டினால் நிற்கத்தான் செய்கிறது. ஆனால் நாம் சமதரையில் குடியிருக்கவில்லை. மேல் டிவிஷனில் இருந்து இரத்தோட்டை ரோட்டுக்கு இறங்கும்வரை சமதரை என்று எங்கேயும் இல்லை. ஒரு பக்கம் மண் சுவர், மறுபக்கம் தேயிலை, தேயிலைக்குக் கீழே கண்ணுக்குத் தெரியாத பள்ளம். அந்த ரோட்டைத் தோட்டத்துக் கம்பெனியிடம் கேட்டால் பிரதேச சபையின் ரோடு என்கிறார்கள். பிரதேச சபையில் கேட்டால் தோட்டத்து ரோடு என்கிறார்கள். ஆக, அந்த ரோட்டில் நம் ஆட்களுக்கும் பள்ளத்துக்கும் நடுவில் இருப்பது உன் ஜீப்பின் பிரேக் ஒன்றுதான். எனக்குப் பயமாக இருக்கிறது. நாலு நாளாக இந்தப் பயத்தோடுதான் சோறு சாப்பிடுகிறேன்.

நான் வேலை செய்கிற பிள்ளைக்காம்பராவில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். கொழுந்து பறிக்க மலைக்குப் போன தாய்மார்கள் விட்டுப்போன பிள்ளைகள் சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிறார்கள். நாளைக்கு மலை வேலை இல்லை, காம்பராவும் திறக்காது. இங்கே தொட்டிலில் கிடக்கிற பிள்ளைகளில் பாதிப் பேர் நாளைக் காலையில் உன் ஜீப்பில் தாய்மடியில் இருப்பார்கள். எழுதி முடித்ததும் இதைப் படம் எடுத்து டிவிஷன் வாட்ஸ்அப் குரூப்பில் போடப்போகிறேன். கோபப்படு, பரவாயில்லை. வீட்டு விஷயத்தை ஊருக்குச் சொல்லிவிட்டாள் என்று நினைப்பாய். ஊரே ஏறுகிற வண்டி வீட்டு விஷயம் ஆகாது.

போன சனிக்கிழமை நடந்ததை நீ சிரித்து மறைத்தாய். எனக்கு அது மறையவில்லை. சாமான் வாங்க எல்லாரும் இரத்தோட்டைக்கு இறங்கினோம். பின்னால் இரண்டு பெஞ்சிலும் இடுக்கி உட்கார்ந்தார்கள், நடுவில் சாக்கின் மேல் சிலர், பின்கம்பியில் தொங்கியவர்கள் வேறு. நான் முன்சீட்டில், உன் பக்கத்தில். பெரிய வளைவுக்கு மேலே வந்ததும் நீ கியரை நியூட்ரலுக்குத் தள்ளி, சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்தினாய். சத்தம் அடங்கியது. பின்னால் பேசுவதெல்லாம் எனக்குத் தெளிவாகக் கேட்டது. டயர் கல்லில் உருளும் சத்தம் மட்டும் பெரிதாகிக்கொண்டே போனது. பிறகு அந்த வாடை வந்தது. இரும்பும் ரப்பரும் சேர்ந்து கருகுகிற வாடை. நான் உன் காலைப் பார்த்தேன். ஒரு தரம் மிதித்தாய், இன்னொரு தரம் மிதித்தாய், பிறகு சீட்டில் இருந்து எழும்பி நின்று மிதித்தாய். உன் கழுத்து நரம்பு தெரிந்தது. சாவியைத் திருப்பவும் உனக்குத் தோன்றவில்லை. ஸ்டேரிங்கை மண் சுவர்ப் பக்கம் ஒடித்தாய். ஜீப் ரோட்டோரத் தண்ணீர்க் காணுக்குள் ஒரு சக்கரத்தை இறக்கி, சுவரை உரசி, முன்பக்கம் முட்டி நின்றது.

சரிந்தவர்கள் எழும்பி உட்கார்ந்தார்கள். பிறகு பின்னால் இருந்து சரசு அக்கா கேட்டாள்: "ஏன்டா தம்பி, ஒன் ஜீப்பு மண்ண மோந்து பாக்குது?"

"அதுக்கும் பசிக்கும்ல அக்கா," என்றாய் நீ.

"பசிச்சா புல்லப் போடு. எங்களப் போடாத."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்த வாயை மூட முடியாமல் பல் தந்தியடித்தது. நீ இறங்கி நின்று, "புது பிரேக் பேட் போட்டிருக்கேன், பழகுற வரைக்கும் கொஞ்சம் அப்படித்தான் இருக்கும்," என்றாய். அவர்கள் நம்பினார்கள். நீ சொன்னால் நம்புவார்கள். அதுதான் எனக்கு எல்லாவற்றிலும் பெரிய பயம்.

அவர்கள் ஏன் நம்புகிறார்கள் என்று உனக்கு நினைவிருக்கிறதா? பக்கத்து வீட்டுச் செல்விக்கு வலி எடுத்தபோது தோட்டத்து வாகனம் மேனேஜர் துரையின் வேலையாகக் கண்டிக்குப் போயிருந்தது. அவளைத் தேயிலைக் கொழுந்து ஏற்றுகிற லொறியில், சாக்குகளுக்கு நடுவில் படுக்கவைத்துக் கொண்டுபோனோம். நீ அவள் தலையைப் பிடித்துக்கொண்டு வந்தாய். பாதி வழியில், மழையில், லொறித் தட்டில் பிள்ளை பிறந்தது. ஆஸ்பத்திரியில் கை கழுவிவிட்டு வந்து என்னிடம் நீ சொன்னாய்: "இனிமே நம்ம ஆளுங்க யாரும் கொழுந்து மாதிரி போகக் கூடாதும்மா." அதற்குப் பிறகுதான் கொழும்புக் கடையில் நின்று சம்பாதித்ததை எல்லாம் போட்டு, மிச்சத்துக்குக் கடன் எடுத்து இந்தப் பழைய ஜீப்பை வாங்கினாய். இந்த டிவிஷனில் எந்தத் தலைவரும் எந்தச் சங்கமும் செய்யாத வேலை அது. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் இன்றைக்கு உன் ஜீப்பில் அவர்கள் எப்படிப் போகிறார்கள் என்று பார். கொழுந்து லொறியிலாவது பிரேக் இருந்தது.

நியூட்ரலில் இறக்குகிற பழக்கம் எங்கே வந்தது என்றும் எனக்குத் தெரியும். டீசல் இல்லாத காலத்தில் எல்லா டிரைவர்மாரும் பெட்ரோல் ஷெட்டுக்கு முன்னால் வரிசையில் கிடந்து அதைக் கற்றுக்கொண்டீர்கள். ஏறும்போது எரிக்கலாம், இறங்கும்போது எரிக்கக் கூடாது என்று. அன்றைக்கு அதில் ஒரு நியாயம் இருந்தது. இப்போது டீசல் கிடைக்கிறது, பழக்கம் மட்டும் போகவில்லை. அதுவும் எல்லா நாளும் இல்லை. ஹோட்டலில் இருந்து வெள்ளைக்காரர்களை ஏற்றி மலை பார்க்கக் கொண்டுபோகிற நாளில் நீ எஞ்சினை நிறுத்துவதில்லை. சின்ன கியரில், உறுமிக்கொண்டு, மெதுவாக இறங்குகிறாய். அவர்களுக்கு டீசல் ஹோட்டல் கணக்கு. அவர்களுக்கு ஏதாவது நடந்தால் பொலிஸ் வரும், பத்திரிகைக்காரன் வருவான். நம் ஆட்களை ஏற்றினால் நியூட்ரல். ரோட்டைப் போடாத கம்பெனி நம்மை எந்த விலைக்கு மதிக்கிறதோ அதே விலைக்குத்தான் நீயும் மதிக்கிறாய் மகனே. துரை செய்தால் சங்கத்தில் எழும்பிக் கத்துவாய். நீ செய்தால் அதற்குப் பெயர் சிக்கனம்.

திங்கட்கிழமை நான் இரத்தோட்டை கராஜுக்குப் போனேன். உன்னிடம் சொல்லவில்லை. மெக்கானிக் பாஸ் என்னைக் கண்டதும் கையைத் துடைத்துக்கொண்டு எழும்பினார். நான் கேட்பதற்கு முன்பே சிங்களத்தில் சொன்னார். இரண்டு முன் சக்கரத்து பிரேக் டிஸ்க்கையும் ஏற்கனவே இரண்டு தரம் லேத்தில் போட்டுச் சீவியாகிவிட்டது, இனிச் சீவ அதில் இரும்பு இல்லை, போன மாதமே உன்னிடம் சொல்லிவிட்டாராம். "உங்க மகன் சிரிச்சிட்டு, பேட் மட்டும் போடுங்கன்னு சொன்னாரு அம்மே." போட்டீர்களே என்று கேட்டேன். துடைத்த கையை மறுபடி துடைத்தார். அவருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்கள் உன் ஜீப்பில் வருவதில்லை.

அங்கிருந்து பஸ் ஏறி மாத்தளைக்குப் போனேன். நீ சாமான் வாங்குகிற கடையைக் கண்டுபிடித்து கடைக்கார நானாவிடம் போனைக் கொடுத்தேன். அதில் இருந்தவை, நீ குளிக்கப் போன நேரத்தில் முன் சக்கரத்தின் இடைவெளிக்குள் போனை விட்டு எடுத்த படங்கள். எஞ்சின் மூடியைத் திறந்து சேசிஸ் நம்பரையும் எடுத்திருந்தேன். ஒரு பொம்பளை தனியாக வந்து ஜீப்புக்கு டிஸ்க் கேட்கிறாள் என்று கடையில் நின்ற இரண்டு பேர் பார்த்தார்கள். நானா பார்க்கவில்லை. அவர் படத்தைத்தான் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தங்கச்சி, இங்க பாருங்க. ஓரத்துல கரை மாதிரி ஒண்டு நிக்கிதா? டிஸ்க் முதல் அந்த உசரம் இருந்திச்சி. நடுவுல இருக்கிறதெல்லாம் தேஞ்சது. இந்தக் கோடுகள் பேட் கிழிச்சது."

"புது பேட் போட்டிருக்கான்."

"தெரியும். நான்தான் குடுத்தேன். ஆகக் கொறஞ்சது கேட்டார். அது கல்லு மாதிரி, கன நாளைக்கி தேயாது. ஆனா சூடானா புடிக்காது, டிஸ்க்கத்தான் திங்கும்."

"தெரிஞ்சும் குடுத்தீங்களா நானா?"

அவர் போனை மேசையில் வைத்தார். "நான் குடுக்காட்டி அடுத்த கடையில வாங்குவார். நீங்க அந்த ஜீப்புல ஏறுறீங்களா?"

"ஏறுறேன்."

"ஏறாதீங்க."

எவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டார். ஏறாமல் எப்படிப் போவது என்று அவரிடம் கேட்டு என்ன பயன்? நான் மேசைக்கு முன்னால் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். எனக்கு எது வேண்டும் என்று எனக்குத் தெரியாது, ஆனால் நான் சரியானதை வாங்காமல் போகமாட்டேன் என்றேன். அவர் ஒவ்வொன்றாகக் கேட்டார். டயர் கம்பெனி சைஸா, மாற்றியதா? மாற்றினது, பெரிய சேற்று டயர் என்றேன். எத்தனை பேர் ஏறுவீர்கள்? எண்ணுவதில்லை என்றேன். அதற்குப் பிறகுதான் உள்ளே போய்ப் பெட்டிகளைக் கொண்டுவந்தார்.

முதல் பெட்டியில் இருந்தது நீ வீடியோவில் பார்த்து ஆசைப்பட்ட சாமான், சுற்றிவர ஓட்டை போட்டு, பளபளவென்று. உங்கள் மகன் இதைத்தான் விலை கேட்டுவிட்டுப் போனார் என்றார். நம் ரோட்டுக்கு அது ஆகாதாம். ஓட்டைக்குள் சேறு அடைந்து காயும், சூடு ஏறி இறங்கி ஓட்டையில் இருந்து ஓட்டைக்கு வெடிப்பு ஓடும் என்றார். இரண்டாவது ஜப்பானில் பாவித்துக் கழற்றியது. மலிவு. அதன் பக்கவாட்டில் அச்சடித்திருந்த எண்ணைக் காட்டினார். இந்த அளவுக்குக் கீழே தேய்ந்தால் வீசிவிட வேண்டும் என்று செய்தவனே டிஸ்க்கில் அடித்து அனுப்புகிறானாம். அளவுகோலை வைத்துப் பார்த்தார். அந்த எண்ணுக்கு மயிரிழைதான் மிச்சம். அதைத் தானே எடுத்து மேசைக்குக் கீழே வைத்துவிட்டார். மூன்றாவது ஓட்டை இல்லாத வெறும் டிஸ்க், ஆனால் இரண்டு தட்டுக்கு நடுவில் காற்றுப் போக இடம் விட்டது. கையில் தூக்கிப் பார்க்கச் சொன்னார். கனத்தது. "அந்தக் கனம்தான் சூட்டத் தாங்குறது. ஒங்கட மகன் லேத்துல சீவிப் போட்டது இந்தக் கனத்தத்தான்." பெட்டியைப் பார்த்து ஏமாறாதீர்கள், நல்ல கம்பெனிப் பெட்டியில் கள்ளச் சாமானும் வருகிறது என்று சொல்லி, சேசிஸ் நம்பரைப் போட்டுச் சரிபார்த்தார். பேட்டும் அதற்குத் தோதாக, பாரம் ஏற்றுகிற வண்டிக்கு உள்ளதைக் கொடுத்தார். சீக்கிரம் தேயும் என்றார். தேயட்டும் என்றேன்.

இனி நான் கேட்டுவந்ததைச் சொல்கிறேன், கவனமாகப் படி. இரண்டு பக்கமும் ஒன்றாக மாற்ற வேண்டும். ஒரு பக்கம் புதிதும் ஒரு பக்கம் பழையதுமாகப் போட்டால் மிதிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும், நம் ரோட்டில் ஒரு பக்கம் என்றால் எந்தப் பக்கம் என்று உனக்குத் தெரியும். புது டிஸ்க்கில் துரு பிடிக்காமல் இருக்க எண்ணெய் பூசி வரும், அதைக் கழுவாமல் போட்டால் பேட் அதைக் குடித்துவிடும். பிரேக் ஒயிலை முழுக்க மாற்ற வேண்டும், சனிக்கிழமை அது கொதித்திருக்கும். பின் சக்கரத்து பிரேக் ட்ரம்மையும் திறந்து பார்க்க வேண்டும். போட்ட பிறகு ஆள் ஏற்றாமல் சமதரையில் ஓடி, மெதுவாக மிதித்து மிதித்துப் பழக்க வேண்டும். நீ சொன்ன "பழகுறது" அதுதான், ஆட்களை ஏற்றிக்கொண்டு மலையில் இருந்து விடுவது இல்லை. எல்லாவற்றையும்விட, எஞ்சினை நிறுத்தினால் மிதிக்குப் பலம் கூட்டுகிற பூஸ்டர் நின்றுவிடும், இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு காலுக்குக் கீழே பிரேக் கட்டை கல்லாகிவிடும் என்றார் நானா. அன்றைக்கு நீ எழும்பி நின்று மிதித்தாயே, அது அந்தக் கல்லை. நல்ல டிஸ்க், நல்ல பேட், எல்லாம் போட்டாலும் நியூட்ரலில் விட்டால் எல்லாம் வீண் என்றும் அவர் சொன்னார். டிஸ்க்கை நான் வாங்கலாம். உன் கையை நான் பிடித்துக்கொண்டே இருக்க முடியாது.

டிஸ்க் இரண்டையும் சாக்கில் கட்டி பஸ்ஸில் ஏற்றினேன். கொண்டக்டர் தூக்கப் பார்த்துவிட்டு, "என்னம்மா, அம்மிக்கல்லா வாங்கிட்டுப் போறீங்க?" என்றான். மகனுக்கு என்றேன். "மருமக வந்துட்டாளா?" என்றான். பஸ்ஸே சிரித்தது. மெயின் ரோட்டில் இறங்கி, வருகிறவர்கள் போகிறவர்களிடம் கைமாற்றிக் கைமாற்றி மேலே கொண்டுவந்து சேர்த்தேன். இந்தக் காம்பராவில், பால்மாப் பெட்டிக்குப் பக்கத்தில் அவை இருக்கின்றன.

நேற்று உன்னிடம் சொன்னேன். நீ சாக்கைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

"தேர் முடியட்டும்மா. போட்டுருவோம்."

"நாளைக்கே போடு. அரை நாள் வேலையாமே."

"நாளைக்கி ஹோட்டல் டிரிப் இருக்கு. அத விட்டா அடுத்த மாசம் கூப்புட மாட்டாங்க."

"அந்த டிரிப்ப வேற ஒருத்தனுக்குக் குடு."

"குடுத்தா அவனேதான் பெறகு போவான். ஒனக்கு என்னா தெரியும் பொழப்பப் பத்தி?"

முப்பது வருஷம் இந்தத் தோட்டத்தில் கிடக்கிறவளுக்குப் பிழைப்பைப் பற்றித் தெரியாது. சரி. உன் பக்கத்து நியாயம் எனக்கு விளங்காமல் இல்லை. அந்த ஹோட்டல் உன்னை ஒரு நாள் தவறினால் வீசிவிடும். ஜீப்புக்குக் கடன் கொடுத்த லீசிங்காரன் வாசலில் நிற்பான். அவர்கள் உன் கழுத்தில் ஏறி உட்கார்ந்திருக்கிறார்கள், அதனால்தான் நீ ஒரு நாளும் நிறுத்த முடியாமல் ஓடுகிறாய். ஆனால் பள்ளத்தில் போனால் ஹோட்டல்காரனா போவான்?

நேற்றுச் சாயங்காலம் நான் வீடு வீடாகப் போனேன். தேருக்கு என் மகன் வண்டியில் ஏறாதீர்கள் என்றேன். பெற்ற தாய் இப்படிச் சொல்வது எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நீ யோசிக்க வேண்டாம். அவர்கள் என்ன சொன்னார்கள் என்று மட்டும் கேள். சரசு அக்கா, "அப்ப நாங்க பறந்தா போறது? நீயே ஒரு ரெக்கையும் வாங்கிட்டு வந்திருக்கலாமே," என்றாள். பிறகு குரலை இறக்கி, "முத்துமாரி இருக்கா, பாத்துக்குவா. அவன் நம்ம பய," என்றாள். செல்வி பிள்ளைக்கு எடுத்த புதுச் சட்டையைக் காட்டினாள். லொறியில் பிறந்த பிள்ளைக்கு மாத்தளைக் கோவிலில் நேர்த்தி இருக்கிறதாம். முதல் டிரிப்பிலேயே இடம் வைக்கச் சொல்லி உன்னிடம் சொல்லிவிட்டாளாம். நீ முன்சீட்டைத் தருவதாகச் சொன்னாயாம்.

எனக்கு உள்ள பயத்தை இப்போது நேராகச் சொல்கிறேன். நீ சாவாய் என்று நான் பயப்படவில்லை. டிரைவர் பக்கத்துக் கதவு மண் சுவர்ப் பக்கம்தான் திறக்கிறது. அன்றைக்கு உன் கை கதவுப் பிடிக்குப் போய்வந்ததை நான் பார்த்தேன். குற்றமாகச் சொல்லவில்லை, யாருடைய கையும் போகும். நீ குதித்துவிடுவாய். நீ உயிரோடு மேலே நின்று கீழே பார்ப்பாய். அதற்குப் பிறகு இந்த லயத்தில், இந்த முகங்களுக்கு நடுவில், நீயும் நானும் எப்படி இருப்போம்? நான் இந்தக் காம்பராவை எந்தப் பிள்ளைகளுக்காகத் திறப்பேன்? நாலு நாளாக நான் கண்ணை மூடினால் பார்ப்பது இதைத்தான்.

இப்போது ஜன்னல் வழியாக உன்னைப் பார்க்கிறேன். ஹோட்டல் டிரிப்பை முடித்துவிட்டு வந்து தண்ணீர்ப் பீலியில் ஜீப்பைக் கழுவுகிறாய். கண்ணாடிக்கு மேலே புது லைட் பூட்டியிருக்கிறாய். வேப்பிலைக் கட்டு ஒன்று முன்னால் தொங்குகிறது. பாட்டு சத்தமாகப் போகிறது. வாசலுக்கு வந்து உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். திரும்பிப் பார்த்தாய், கையைக் காட்டினாய், மறுபடி டயரைத் தேய்க்கத் தொடங்கினாய். டயர் சுத்தமாக இருக்கிறது. அதற்கு உள்ளே இருப்பதை நீ பார்க்கவே இல்லை.

பாஸ் கராஜை மூடாமல் இருக்கிறார். ராத்திரி ஆனாலும் இருந்து பூட்டித் தருவேன் என்று என்னிடம் போனில் சொல்லியிருக்கிறார். ஹோட்டல் டிரிப் முடிந்துவிட்டது, இனி உனக்குச் சாட்டு இல்லை. நாளைக்கு ஒரு டிரிப் குறைந்தால் குறையட்டும், கிழவர்கள் தேரை அடுத்த வருஷம் பார்க்கட்டும். வேறு ஆள் ஏற்றாமல், சின்ன கியரில், எஞ்சினை நிறுத்தாமல் ஜீப்பை இறக்கு. நானும் உன்னோடு முன்சீட்டில் வருகிறேன், வேண்டாம் என்று சொல்லாதே. அல்லது, இந்த டிஸ்க்கோடே ஓட்டுவேன் என்றால், செல்வியின் வாசலுக்குப் போ. அவள் பிள்ளையை வாங்கி உன் கையில் வைத்துக்கொள். என் வண்டியில் பிரேக் இல்லை, இருந்தாலும் உன் பிள்ளையை ஏற்றுகிறேன் என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொல். இரண்டில் ஒன்றை, இருட்டுவதற்கு முன்னால் செய். எதைச் செய்யப்போகிறாய் என்று இங்கே வந்து எனக்குச் சொல்.